திரையில் ஒன்று, தாளில் ஒன்று: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. வடிவமைப்பு மென்பொருளின் திரையில் இருக்கக் கூடாத ஒரு கோடோ, கட்டமோ, நிறமோ தெரிகிறது. அது கோப்பில் உள்ள பிழையா, கணினியின் கோளாறா, அச்சுக்குப் போனால் விழுமா என்பதுதான் எல்லாருடைய கவலையும். எழுதியவர்கள் எல்லாரும் பழைய வட ஆற்காட்டுக்காரர்கள். கடைப்பெயர்களையும் வாடிக்கையாளர் பெயர்களையும் நீக்கிவிட்டு, ஊர்ப்பெயரோடு மட்டும் கேள்விகளைத் தருகிறேன்.

ஆம்பூர் வாசகர்: ஐயா, காலணிப் பெட்டிக்கான லேபிள் ஒன்றை இல்லஸ்ட்ரேட்டரில் வடிவமைத்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். காலணிப் படத்தின் நிழலைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிவதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தால் அந்தக் கோடுகள் இல்லை. மூன்று முறை புதிதாகச் செய்து பார்த்தும் அதே கதைதான். கோடு எங்கிருந்து வருகிறது?

பதில்: உங்கள் கோப்பில் அந்தக் கோடு இல்லை என்பதே என் கணிப்பு. ஆனால் கணிப்பை நம்பி அச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை. அரை நிமிடத்தில் சோதித்துவிடலாம். பிடிஎஃப்பை அக்ரோபேட்டில் திறந்து, கோடு தெரியும் இடத்தை 100 விழுக்காட்டிலிருந்து 400 வரைக்கும், பிறகு 1600 வரைக்கும் பெரிதாக்குங்கள். இரண்டு வடிவங்களுக்கு நடுவில் உண்மையாகவே இடைவெளி விட்டுப் போயிருந்தால், படம் பெரிதாகும்போது கோடும் சேர்ந்து பருமனாகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு அதே மயிரிழை அளவில் நின்றாலோ, ஓர் அளவில் தோன்றி மற்றோர் அளவில் மறைந்தாலோ, அது திரைக்காகப் படத்தை வரையும்போது மட்டும் உண்டாகும் தோற்றம்.

காரணம் இதுதான். பழைய பிடிஎஃப் முறையில் ஊடுருவித் தெரியும் நிழலைச் சேமிக்க வழியில்லை. 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 பதிப்பில்தான் அதற்கு இடம் கிடைத்தது. நீங்கள் பழைய பதிப்புக்கோ, பல அச்சகங்கள் இன்றும் கேட்கும் பிடிஎஃப் எக்ஸ்-1ஏ வகைக்கோ மாற்றும்போது, மென்பொருள் நிழல் விழும் பகுதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றை ஒன்று தொடும்படி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுகிறது. இரண்டு துண்டுகளின் எல்லை ஒரு பிக்சலின் நடுவே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பை மழுப்பிக் காட்டுவதற்காகத் திரை முதல் துண்டை அந்தப் பிக்சலில் 50 விழுக்காடு பூசும். அடுத்த துண்டை, மீதி இருக்கும் வெள்ளையில் பாதிக்கு மட்டும் பூசும். ஆக 75 விழுக்காடுதான் நிறைகிறது. 25 விழுக்காடு வெள்ளை எஞ்சி நிற்கிறது. அந்த எச்சம்தான் உங்கள் கோடு. அக்ரோபேட்டின் ப்ரிஃபரன்சஸில் பேஜ் டிஸ்ப்ளே என்ற பகுதிக்குப் போய் ‘ஸ்மூத் லைன் ஆர்ட்’ என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் கோடு பெரும்பாலும் மறைந்துவிடும். அச்சுத் தகடான பிளேட்டை எடுக்கும் கருவி 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளி) போன்ற நுண்மையில் வேலை செய்கிறது, விளிம்பை மழுப்புவதும் இல்லை. எனவே ஆஃப்செட் அச்சில் இந்தக் கோடு விழுவதில்லை.

இவ்வளவும் சரி என்றாலும், ஒரு வழியில் இந்தப் பொய்க் கோடு மெய்க் கோடாகிவிடும். அதே பிடிஎஃப்பை யாராவது ஜேபெக் படமாக மாற்றி, அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பினால், மாற்றும் வேளையில் இருந்த வெள்ளை எச்சம் படத்திலேயே பதிந்துவிடும். பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் போகாது. ஃப்ளெக்ஸ் கடைகளில் இது நாள்தோறும் நடக்கிறது. ஆகவே அச்சுக்குப் போகும் கோப்பை பிடிஎஃப் எக்ஸ்-4 வகையில் கொடுங்கள். அதில் நிழல் வெட்டப்படாமல் அப்படியே இருக்கும். அச்சகத்தார் எக்ஸ்-1ஏ தான் வேண்டும் என்றால் அதையும் கொடுங்கள், ஆனால் பார்த்து ஒப்புதல் சொல்ல வேண்டியவருக்கு அதை அனுப்பாமல், இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து நேராக எடுத்த பிஎன்ஜி படத்தை அனுப்புங்கள். வாங்குபவரிடம் பிக்சல் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இது எளிது.

குடியாத்தம் வாசகர்: ஐயா, வைகாசி முதல் தேதி வரும் எங்கள் ஊர் அம்மனின் சிரசுத் திருவிழா நெருங்கும்போது எங்கள் கடையில் ஃப்ளெக்ஸ் வேலை இரவு பகலாக நடக்கும். காலையில் ஒழுங்காக ஓடும் ஃபோட்டோஷாப், மதியம் ஆனதும் படத்தின் மேல் கறுப்புக் கட்டங்களையும் பல நிறப் புள்ளிகளையும் காட்டுகிறது. சில நேரம் திரை முழுவதும் இருண்டு மறுபடி வருகிறது. பழுது பார்ப்பவர் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். போடலாமா?

பதில்: பொறுங்கள். விண்டோஸை அழிப்பது கடைசி மருந்து. பல வேளைகளில் அது மருந்தே அன்று. எழுத்துருக்கள், பிளக்கின்கள், பிரின்டர் அமைப்புகள் எல்லாவற்றையும் வைகாசி முதல் தேதிக்கு நான்கு நாள் முன்பு இழந்துவிட்டு உட்காருவது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டங்கள் தெரியும்போதே பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி, பெயின்ட்டில் ஒட்டிச் சேமித்து, அந்தப் படத்தைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பிரின்ட் ஸ்கிரீன் எடுப்பது, கேபிள் வழியாக மானிட்டருக்குப் போவதற்கு முன்பே கணினியின் நினைவகத்தில் இருக்கும் படத்தை. அதில் கட்டங்கள் இல்லை என்றால் குற்றம் கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கிறது. இருந்தால், குற்றம் மென்பொருளுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அடுத்து, கட்டங்கள் ஃபோட்டோஷாப்பின் வரைபரப்புக்குள் மட்டும் தெரிகின்றனவா, டெஸ்க்டாப்பிலும் மற்ற மென்பொருள்களிலும் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். வரைபரப்பில் மட்டும் என்றால், ப்ரிஃபரன்சஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ‘யூஸ் கிராஃபிக்ஸ் பிராசஸர்’ என்பதை நிறுத்திவிட்டு, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து ஒரு நாள் வேலை செய்து பாருங்கள். கட்டங்கள் ஒழிந்தால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை, அந்தக் கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிதாக எடுத்துப் போடுங்கள். என்விடியா கார்டு என்றால், கேம் விளையாடுவோருக்கான டிரைவரை விட்டுவிட்டு, ஸ்டுடியோ டிரைவர் என்று தனியாகத் தருவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட சொல் ‘மதியம்’. டிரைவருக்குக் காலை, மதியம் தெரியாது, சூட்டுக்குத் தெரியும். கத்திரி வெயிலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும்போது, கதவடைத்த கடைக்குள் மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி நிற்கும் பெட்டியின் உள்ளே என்ன சூடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அளவு மீறிச் சூடான கார்டின் நினைவகம் தவறான எண்களைத் தரும். அவைதான் திரையில் நிறப் புள்ளிகளாகத் தெரிகின்றன. கார்டு 2 வினாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை நிறுத்தி மறுபடி இயக்கும். திரை இருண்டு வருவதற்குக் காரணம் அது. தனிக் கார்டு உள்ள கணினியில், டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலேயே அதன் வெப்பநிலை தெரியும். காலையிலும் மதியத்திலும் குறித்து வையுங்கள். 85 டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் நின்றால், விண்டோஸுக்குப் பதில் தூசியை அழியுங்கள். உங்கள் ஊரில் தறிக்குக் குறைவில்லை. பஞ்சுத் தூசி விசிறியின் இதழ்களிலும் உலோகத் தகடுகளின் இடையிலும் மெத்தை போல் படியும். என் பெட்டியை ஒரு கோடையில் கழற்றியபோது கிடைத்ததைக் கொண்டு ஒரு சிறு தலையணை தைத்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கோப்பின் அளவும் கார்டின் மேல் சுமை ஏற்றும். பத்துக்கு இருபது அடி பேனரை 72 டிபிஐயில் திறந்தால் 8640க்கு 17,280 பிக்சல். சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி முறையில் ஒரு லேயருக்கு (ஓர் அடுக்குக்கு) ஏறத்தாழ 427 எம்பி. அதையே பழக்கதோஷத்தில் 300 என்று அடித்துவிட்டால் 36,000க்கு 72,000 பிக்சல். ஒரே லேயருக்கு 7 ஜிபிக்கு மேல் ஆகிவிடும். பிஎஸ்டி கோப்பு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைதான் தாங்கும் என்பது வேறு. தெருமுனையில் பத்தடி உயரத்தில் கட்டும் அம்மன் படத்துக்கு 72 போதும்.

ஆரணி வாசகர்: ஐயா, பட்டுச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறேன். ஃபோட்டோஷாப்பில் பார்டரைச் சற்றுச் சிறிதாக்கிப் பார்த்தால், சீரான கட்டங்கள் பட்டை பட்டையாகவும் அலை அலையாகவும் தெரிகின்றன. பெரிதாக்கினால் படம் முழுக்கச் சாம்பல் நிறக் கோடுகள் வருகின்றன. நெசவில் இது விழுமா என்ற பயத்தில், தறிக்கான துளை அட்டை அடிக்கக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். திரையில் பார்டரின் மாங்காய் உரு குட்டையாகத் தெரிவதும் ஏன்?

பதில்: மூன்றும் கோளாறு அல்ல, அட்டைக்குக் கொடுக்கலாம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு, அவற்றைத் தெரிந்துகொண்டால் இனி ஒவ்வொரு சேலைக்கும் இந்தப் பயம் வராது.

மற்ற வடிவமைப்பாளர்களுக்குப் பிக்சல் என்பது ஒரு புள்ளி மட்டுமே. உங்களுக்கு அது ஒரு முடிவு. பாவு நூலைத் தூக்கும் கொக்கியான ஹூக் 480 உள்ள பெட்டிக்கு வரைகிறீர்கள் என்றால் படத்தின் அகலம் 480 பிக்சல். ஒரு பிக்சல் ஒரு ஹூக்கைத் தூக்குகிறது அல்லது விடுகிறது. ஒரு வரி ஓர் அட்டை. அந்த 480 பிக்சலை 66.67 விழுக்காட்டில் பார்க்கும்போது திரையில் 320 பிக்சலுக்குத்தான் இடம் இருக்கிறது. மூன்று வரிசையை இரண்டில் அடைக்க வேண்டும். ஒன்று விட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையுமாக நீங்கள் வைத்த கட்டத்தில் எது தங்கும், எது கரையும் என்பது இடத்துக்கு இடம் மாறுவதால் பட்டையும் அலையும் தோன்றுகின்றன. 100, 200, 300, 400 என்று முழு மடங்குகளில் மட்டும் பாருங்கள். கன்ட்ரோலோடு 1 என்ற எண்ணை அழுத்தினால் நேராக 100க்கு வந்துவிடும். முழுப் பார்டரும் ஒரே பார்வையில் வேண்டும் என்றால் பெரிய மானிட்டர்தான் வழி, சுருக்கிப் பார்ப்பது அல்ல.

பெரிதாக்கும்போது வரும் சாம்பல் கோடுகள், 500 விழுக்காட்டைத் தாண்டியதும் ஃபோட்டோஷாப் தானாகக் காட்டும் பிக்சல் கட்டம். வியூ மெனுவில் ஷோ என்பதற்குக் கீழே பிக்சல் கிரிட்டை நிறுத்திவிடலாம். நானாக இருந்தால் நிறுத்த மாட்டேன், வரைபடத் தாளில் டிசைன் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது உதவிதான்.

மாங்காய்க்கு வருவோம். திரையின் பிக்சல் சதுரம். துணியின் கட்டம் சதுரம் அல்ல. ஓர் அங்குலத்தில் 80 ஹூக்கும் குறுக்கு நூலான ஊடை 60உம் விழும் துணி என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு பிக்சலும் துணியில் அகலத்தைவிட உயரமாக, மூன்றுக்கு நான்கு என்ற கணக்கில் நெய்யப்படும். அதனால் துணியில் சரியாக நிமிர்ந்து நிற்கப்போகும் மாங்காய் திரையில் குட்டையாகத் தெரிகிறது. வியூ மெனுவில் பிக்சல் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்பதில் 0.75 என்று கொடுத்தால், படத்தைத் தொடாமலேயே துணியில் வரும் தோற்றத்தைத் திரையில் காணலாம். உங்கள் பாவும் ஊடையும் என்ன கணக்கோ, ஊடை எண்ணை ஹூக் எண்ணால் வகுத்து அந்த எண்ணைப் போடுங்கள். குட்டையாகத் தெரிகிறதே என்று இமேஜ் சைஸில் படத்தையே இழுத்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து. அட்டையின் எண்ணிக்கை கூடிவிடும், சேலையில் மாங்காய் புடலங்காய் ஆகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று: இந்த வேலையில் பிரஷ்ஷைத் தொடாமல் பென்சிலைப் பயன்படுத்துங்கள், ஏனென்றால் பிரஷ் விளிம்பில் இடைநிறங்களைச் சேர்க்கும், இடைநிறத்துக்கு எந்த ஹூக்கும் இல்லை. அதே காரணத்தால் ஜேபெக் கூடவே கூடாது. எண்ணிட்ட சில நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் இண்டெக்ஸ்டு முறையில் பிஎம்பி கோப்பாகச் சேமியுங்கள். அளவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இடைநிறம் சேர்க்காத ‘நியரஸ்ட் நெய்பர்’ முறையில் மாற்றுங்கள்.

சோளிங்கர் வாசகி: மானிட்டர் முழுவதும் திடீரென்று ரோஜா நிறமாகிவிட்டது. ஃபோட்டோஷாப்பை நீக்கிப் போட்டும் சரியாகவில்லை.

பதில்: ஃபோட்டோஷாப்பின் மேல் குற்றம் இல்லை. மானிட்டரின் கீழ் உள்ள பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவை வரவழையுங்கள். அந்த மெனுவைக் கணினி அனுப்புவதில்லை, மானிட்டரே வரைகிறது. அது தன் இயல்பான நிறத்தில் இருந்தால் கேபிள்தான் காரணம். பழைய விஜிஏ கேபிளில் முதல் மூன்று ஊசிகள் வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீலம். பச்சை ஊசி வளைந்தோ ஒடிந்தோ போனால் திரை ரோஜாவாகும், நீலம் போனால் மஞ்சளாகும். கேபிளைக் கழற்றி இரண்டாம் ஊசியைப் பாருங்கள். மெனுவும் ரோஜாவாக இருந்தால் மானிட்டரைத்தான் கடைக்குத் தூக்க வேண்டும்.

வாணியம்பாடி வாசகர்: ஐயா, தமிழிலும் உருதுவிலும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம். ஃபோட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது, சில இடங்களில் புள்ளி வட்டம் வருகிறது. உருது எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியாக, இடமிருந்து வலமாக நிற்கின்றன. எழுத்துருவை மாற்றியும் பயனில்லை.

பதில்: எழுத்துரு நல்லதே. ஒரு சொல்லை எந்த வரிசையில் சேமிப்பது, எந்த வரிசையில் காட்டுவது என்ற இரண்டும் நம் மொழியில் ஒன்றல்ல. ‘கெ’ என்று நாம் எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. யூனிகோடு முறையில் ககரம் முதலிலும் கொம்பு பிறகும் சேமிக்கப்படும். அதை முன்னால் நகர்த்தி வைப்பது மென்பொருளில் உள்ள எழுத்துக் கோக்கும் பொறியின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிரித்து இருபுறமும் நிறுத்த வேண்டும். உங்கள் ஃபோட்டோஷாப்பில் ஆங்கிலத்துக்கான பொறி ஓடிக்கொண்டிருக்கிறது; அதற்கு இந்த நகர்த்தலும் தெரியாது, உருதுவின் இணைப்பும் திசையும் தெரியாது. இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் உடைந்ததே அதற்குச் சான்று.

இந்தத் தேர்வு உள்ள பழைய ஃபோட்டோஷாப் பதிப்பு என்றால், ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் மத்தியக் கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான பொறியைத் தேர்ந்தெடுங்கள், ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’ என்பதை அந்தப் பத்திக்குப் பொருத்துங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் அதே டைப் பகுதியில் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்த பிறகு, பாராகிராஃப் பேனலில் தெற்காசிய மொழிக்கான கம்போசர், அதாவது எழுத்துக் கோக்கும் பொறி, தெரியும். இன்டிசைனில் அதன் பெயர் ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’. கோரல்டிராவில் எக்ஸ்6 பதிப்புக்கு முந்தியதை வைத்திருந்தால் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வராது. அங்கே பழைய எழுத்துருக்களோடுதான் காலம் தள்ள வேண்டும்.

ஒரு சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேடில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் குற்றம் பொறியில். ஆங்கில எழுத்துகளாகக் கலைந்து தெரிந்தால், அது யூனிகோடே அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துரு. அப்படிப்பட்ட கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போது கோரலில் கன்ட்ரோலும் க்யூவும் அழுத்தி எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள், மாற்றாத நகல் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை அடிக்கும் தறுவாயில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள்.

இராணிப்பேட்டை வாசகர்: ஐயா, வெள்ளைப் பின்னணி ஃபோட்டோஷாப்பில் மட்டும் வெளிர்மஞ்சளாகத் தெரிகிறது, அதே படம் பெயின்ட்டில் வெள்ளையாக இருக்கிறது. மஞ்சளை எடுக்க நீலம் சேர்த்தால் அச்சில் நீலம் அடிக்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: சில நாள் நிறமெல்லாம் திடீரென்று மங்கிவிடுகிறது.

பதில்: நல்லவேளை, அச்சில் நீலம் அடித்ததே உங்களுக்கு விடை சொல்லிவிட்டது. படம் வெள்ளையாகவே இருந்திருக்கிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்கள் அதைத் திருத்தியிருக்கிறீர்கள். ஃபோட்டோஷாப், மானிட்டருக்கென்று விண்டோஸில் பதிந்துள்ள நிறக் கோப்பைக் கேட்டு அதன்படி நிறத்தைத் திருத்திக் காட்டும். பெயின்ட் அந்தத் திருத்தத்தைச் செய்வதில்லை. அந்த நிறக் கோப்பு தவறானதாக இருந்தால் ஃபோட்டோஷாப்பில் மட்டும் மஞ்சள் தெரியும். விண்டோஸ் தேடலில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறந்து, உங்கள் மானிட்டரைத் தேர்ந்து, ‘யூஸ் மை செட்டிங்ஸ்’ என்பதை டிக் செய்து, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறக் கோப்பைச் சேர்த்து அதையே இயல்பாக்குங்கள். பிறகு ஃபோட்டோஷாப்பை மூடித் திறங்கள்.

நிறம் மங்குவது பெரும்பாலும் விரலின் வேலை. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோலும் ஒய்யும் அழுத்தினால், அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் முன்னோட்டம் விழித்துக்கொள்ளும். அதே விசைகள் இல்லஸ்ட்ரேட்டரில் நிறத்தையெல்லாம் மறைத்து வெறும் வெளிக்கோட்டைக் காட்டும். கோரலில் கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் வசதியை இயக்கும். மூன்றிலும் மாறி மாறி வேலை செய்பவரின் விரல் எது எங்கே என்று மறந்துவிடும். கோப்பின் தலைப்பில் ஆர்ஜிபிக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்டு, அச்சின் நான்கு மைகளைக் குறிக்கும் சிஎம்ஒய்கே என்று சேர்ந்திருந்தால் இதுதான் காரணம். மறுபடி அதே விசைகளை அழுத்துங்கள், நிறம் திரும்பிவிடும்.

சத்துவாச்சாரி வாசகி: கோரல்டிராவில் ஒரு பொருளை நகர்த்தினால் பழைய இடத்தில் அதன் நிழல் போல் ஒன்று தங்கிவிடுகிறது. தேர்ந்தெடுக்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

பதில்: இல்லாத பொருளை எப்படி அழிப்பது? அது திரை புதுப்பிக்கப்படாமல் தங்கிய எச்சம். கன்ட்ரோலும் டபிள்யூவும் அழுத்துங்கள்; திரை மறுபடி வரையப்படும், எச்சம் போய்விடும். மற்ற மென்பொருள்களில் அந்த விசைகள் கோப்பையே மூடிவிடும் என்பதால் கோரலில் மட்டும் அழுத்துங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை தேவைப்பட்டால், கோரலைத் திறக்கும்போது எஃப்8 விசையை விடாமல் பிடித்து வேலைப்பரப்பை ஆதி நிலைக்குக் கொண்டுவாருங்கள். நீங்களாக வைத்துக்கொண்ட விசைகளும் கருவிப் பட்டைகளும் போய்விடும் என்பதால் அவற்றை முதலில் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: ஐயா, எனக்கு நேர்ந்தது நேர் எதிர். திரையில் எந்தக் குறையும் இல்லை. கறுஞ்சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வாடிக்கையாளர் கைப்பேசியில் பிடிஎஃப் பார்த்துச் சரி என்றார். அச்சில் வெள்ளை எழுத்தே இல்லை. வெறும் சிவப்புத்தான் வந்தது. பிளேட் செலவு என் தலையில் விழுந்தது. அச்சகத்தின் தவறா?

பதில்: அச்சகத்தை நோக முடியாது, உங்கள் கோப்பு சொன்னதைத்தான் பிளேட் செய்திருக்கிறது. அந்த எழுத்து ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கும். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க ஓவர்பிரின்ட் போட்டிருப்பீர்கள், அல்லது யாரோ போட்ட பழைய கோப்பிலிருந்து எடுத்திருப்பீர்கள். பிறகு நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றியபோது ஓவர்பிரின்ட் அப்படியே தங்கிவிட்டது. ஓவர்பிரின்ட் என்றால் அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடி என்று பொருள். கறுப்புக்கு அது சரி. வெள்ளை என்பதோ, நான்கு மைக்கும் தனித்தனியாக உள்ள நான்கு பிளேட்டிலும் மை இல்லை என்பதுதானே. அடியில் உள்ள சிவப்பை வெட்டாமல், மேலே எதையும் அடிக்காமல் விட்டால் சிவப்புத்தான் வரும். சாதாரணப் பார்வையில் இல்லஸ்ட்ரேட்டர் ஓவர்பிரின்ட்டைக் கணக்கில் எடுப்பதில்லை; கைப்பேசிச் செயலிகள் பலவும் எடுப்பதில்லை. எனவே ஒப்புதல் கொடுத்தவர் பார்த்ததும் பிளேட் பார்த்ததும் வேறு வேறு.

பிளேட்டுக்கு அனுப்புவதற்கு முன், இல்லஸ்ட்ரேட்டரில் வியூ மெனுவின் ஓவர்பிரின்ட் ப்ரிவியூவைப் போட்டுப் பாருங்கள். ஆல்ட், ஷிஃப்ட், கன்ட்ரோல் மூன்றோடு ஒய் விசை. எழுத்து மறைந்தால் அதைத் தேர்ந்து, அட்ரிபியூட்ஸ் பேனலில் ஓவர்பிரின்ட் டிக்கை எடுங்கள். ஏற்றுமதி செய்த பிடிஎஃப்பை அக்ரோபேட்டின் அவுட்புட் ப்ரிவியூவில் மறுபடி ஒரு முறை பாருங்கள். அங்கே நான்கு நிறங்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம், மெஜந்தா பிளேட்டில் எழுத்தின் உருவம் வெட்டுப்பட்டு வெள்ளையாகத் தெரிகிறதா என்பதே சோதனை. கோரலில் பொருளின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ஓவர்பிரின்ட் ஃபில் டிக் போட்டிருக்கிறதா என்று தெரிந்துவிடும். போன செலவைத் திரும்பப் பெற வழியில்லை. ஆனால் அந்தப் பழைய கோப்பிலிருந்து வேறு எத்தனை வேலைகளுக்கு எழுத்தை எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள் என்பதை அடுத்த பிளேட்டுக்கு முன்பே தேடிப் பார்த்துவிடுங்கள்.